தோட்டத்து வீடு கனவு: தடம், தண்ணி, கையெழுத்து... சிக்கல் எங்கே ஆரம்பிக்குது?

கொடைக்கானலில் ஒரு வீடு என்றுதான் ஆசை ஆரம்பிக்கும். அங்கே சென்ட் விலையைக் கேட்டதும் ஆசை மெதுவாக மலையிறங்கும். பழனியில் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கும். பிறகு வடக்கே திரும்பி, தொப்பம்பட்டிப் பக்கம் வந்து சேரும். திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் மூன்றுக்கும் நடுவில் விரியும் சமவெளி இது. தென்னை, மக்காச்சோளம், முருங்கை. வானம் தெளிந்தால் தெற்கே மலைத்தொடர். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது போதும். ஓட்டு வீடு, திண்ணை, கயிற்றுக் கட்டில் என்று மனசுக்குள் எலிவேஷன் ரெடியாகிவிடும்.

சிக்கலே அங்கேதான். கிராமத்தில் நிலம் வாங்கி வீடு கட்டியவர்கள் சொல்லும் கதைகள் கேட்கச் சிரிப்பாக இருக்கும். கூர்ந்து கவனித்தால், பெரும்பாலான கதைகளில் தவறு ஒன்றுதான்: வரிசை தலைகீழ். முதலில் வீட்டின் படம், அடுத்து அட்வான்ஸ், அதற்கப்புறம் பத்திரம், கடைசியில் தண்ணியும் பாதையும். நிலத்துக்கோ கணக்கு வேறு. முதலில் பாதை, பிறகு தண்ணி, பிறகு கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் வீடு.

எந்த தொப்பம்பட்டி?

முதல் கூத்து மேப்பிலேயே ஆரம்பிக்கும். தொப்பம்பட்டி என்று தேடினால் கோவையில் இருக்கும் தொப்பம்பட்டியும் வரும். தமிழ்நாட்டில் ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது சகஜம். ஊராட்சி ஒன்றியத்தின் பெயர் ஒன்று, வருவாய் கிராமத்தின் பெயர் இன்னொன்று, ஊர்க்காரர்கள் கூப்பிடும் பெயர் மூன்றாவது. நிலத்துக்கு உண்மையான முகவரி மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், புல எண், உட்பிரிவு எண். "மாரியம்மன் கோயில் தாண்டி ரெண்டாவது தோட்டம்" என்பது கல்யாண வீட்டுக்கு வழி சொல்ல உதவும். பட்டா பார்க்க உதவாது.

அடுத்து, வார்த்தை. "காடு ஒண்ணு விலைக்கு வருதுங்க, பாக்குறீங்களா?" என்று புரோக்கர் கேட்டதும், சிறுத்தை வருமா என்று யோசித்தவர்கள் உண்டு. கொங்குப் பேச்சு புழங்கும் இந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம், அதாவது மழையை நம்பி இருப்பது. தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ளது. வயல் என்றால் நன்செய். "காடு" என்று சொல்லும்போதே அங்கே தண்ணி இல்லை என்று விற்பவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். கேட்டவருக்குத்தான் புரியவில்லை.

ஒரு ஏக்கர், மூன்று கணக்கு

பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். தரையிலோ வேலி. மூன்றும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்தான்.

கணக்கு எளிது. 1 ஏக்கர் 100 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் சுமார் 2.47 சென்ட். பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் அது 40.5 ஏர், ஏறத்தாழ 1 ஏக்கர். அதே நிலத்துக்குப் பட்டா 0.38.00 என்று சொன்னால்? சுமார் 94 சென்ட்தான். குறைவது 6 சென்ட், அதாவது 2,600 சதுர அடிக்கு மேல். சென்னையில் ஒரு கிரவுண்டே 2,400 சதுர அடிதான். புள்ளி வைத்த எண்ணைச் சரியாகப் படிக்காததால் ஒரு முழு மனை காணாமல் போகிறது!

அதனால் புலப்படத்தை எடுத்துக்கொண்டு, நில அளவையர் வந்து அத்து காட்டிய பிறகு விலை பேசுவது நல்லது. அளவைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூப்பிட வேண்டும். அவர் இல்லாமல் நட்ட கல், பெரும்பாலும் அவர் வந்ததும் நகரும்.

பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியான செக்குபந்தி இன்னொரு வேடிக்கை. வடக்கே ஒருவரின் தோட்டம், மேற்கே ஒரு வேப்பமரம் என்று எழுதியிருக்கும். அந்தத் தோட்டம் மூன்று கை மாறியிருக்கும். வேப்பமரம் யார் வீட்டு நிலையாகவோ ஆகியிருக்கும்.

அத்தை கையெழுத்து போட்டாச்சா?

பட்டாவில் பெயர் இருந்தால் நிலம் அவருடையது என்று பலர் நம்புகிறார்கள். பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமைக்கு முழுச் சான்று ஆகாது. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி இன்று வரை நிலம் யார் யார் கைக்கு எப்படி வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றை குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் அதில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினை தெரியாது. பதிவாகாத உயில் தெரியாது. அசல் பத்திரத்தைக் கொடுத்துத் தனியாரிடம் வாங்கிய கைமாற்றும் தெரியாது. அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வக்கீல்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பூர்வீக நிலம் என்றால் பெண் வாரிசுகள் கதை தனி. "அத்தைங்க ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்பது விற்பவர் தரப்பின் நிரந்தர வசனம். எங்கே சொன்னார்கள்? ஒரு தீபாவளியன்று, சாப்பாட்டு இலை முன்னால். சட்டத்துக்கு அது போதாது. மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத் திருத்தம் செய்தது. அதற்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் மகளை மகனுக்குச் சமமாக்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே அத்தை உண்மையிலேயே வேண்டாம் என்றால், அதைப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் கிரகப்பிரவேசத்துக்கு அடுத்த மாதம் வக்கீல் நோட்டீஸ் வரலாம். அதில் அத்தையைக் குறை சொல்ல ஏதுமில்லை, அவர் கேட்பது அவருடைய பங்கு.

கூட்டுப் பட்டாவும் இப்படித்தான். ஏழு பேர் பெயரில் உள்ள நிலத்தில் ஒருவரின் பாகத்தை மட்டும் வாங்கினால், எந்த மூலை அவருடையது என்று காகிதம் சொல்லாது. எது எங்கே மேயலாம் என்று அந்த வீட்டு மாட்டுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் மாடு சாட்சிக் கையெழுத்து போடாது. பாகப்பிரிவினை, உட்பிரிவு முடிந்து தனிப் பட்டா வந்த பிறகு வாங்குவதே பாதுகாப்பு.

விலை ரொம்பக் குறைவு என்றால் கூடுதலாக மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, இது கோயில் நிலமா? இரண்டு, பூமிதான நிலமா? இந்த இரண்டு வகை நிலங்களையும் உரிய அனுமதி இல்லாமல் பதிய, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. மூன்று, பஞ்சமி நிலமா? 1892-இல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதி மக்களுக்காக நிபந்தனையுடன் ஒதுக்கிய நிலம் அது. அவர்களுக்கு வெளியே விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. தெரியாமல் வாங்கினாலும், அங்கே கட்டும் வீடு ஒருவரின் உரிமை மேல் கட்டியதாகவே ஆகும். இது மட்டும் சிரிக்க முடியாத பகுதி.

தடம் இருக்குதுங்க, ஆனா...

"வண்டித் தடம் காலங்காலமா இருக்குதுங்க." இருக்கும்தான். யார் நிலத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. புலப்படத்தில் பாதை காட்டியிருந்தால் நல்லது. கிரயப் பத்திரத்தில் இத்தனை அடி அகலத் தடத்தில் போக வர உரிமை உண்டு என்று எழுதியிருந்தாலும் நல்லது. இரண்டும் இல்லாமல் பக்கத்துத் தோட்டக்காரரின் நல்ல மனசில் மட்டும் அந்தத் தடம் இருந்தால், அது அவர் மனசு மாறும் வரைதான்.

மாட்டு வண்டி போனபோது யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் வந்து வரப்பை உடைத்த அன்று தடத்தில் முள் விழும். அதன் பிறகு ஜல்லி தலைச்சுமையில்தான் வரும், கூலி இரட்டிப்பாகும். சட்டத்தில் வழி உண்டு. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்திய பாதைக்கு உரிமை தருகிறது. வேறு வழியே இல்லாத நிலத்துக்கு அவசியப் பாதையையும் ஏற்கிறது. ஆனால் அந்த உரிமையைக் கோர்ட்டில் நிரூபிக்கும் வரை செங்கல் எங்கே நிற்கும்? பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டில் ஒரு டீ குடிப்பதும், தடத்தைப் பத்திரத்தில் ஏற்றுவதும் இரண்டுமே வேலையின் பகுதி.

ஓடையையும் பார்க்க வேண்டும். நிலத்தின் ஓரமாகக் காய்ந்து கிடக்கும் அழகான பள்ளம் ஓடைப் புறம்போக்காக இருக்கலாம். சித்திரையில் அங்கே ஊஞ்சல் கட்டலாம் என்று தோன்றும். ஐப்பசி மழையில் ஓடை தன் இடத்தைத் தேடி வரும், பத்திரம் கேட்காது.

'25 சென்ட் பண்ணை நிலம்' ஆஃபர்

ரீல்ஸில் வரும் பண்ணை நில விளம்பரங்கள் இன்னொரு ரகம். மா, தேக்கு, சொட்டு நீர், வார இறுதிக் குடில். விவசாய நிலத்தை விவசாய நிலமாக வாங்க தமிழ்நாட்டில் விவசாயியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐடி ஊழியரும் வாங்கலாம். ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர் கவனிக்க வேண்டும். அன்னியச் செலாவணி விதிகளின்படி அவர்கள் விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை ரிசர்வ் வங்கியின் சிறப்பு அனுமதி இல்லாமல் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். துபாயிலிருந்து ஆன்லைனில் அட்வான்ஸ் போடும் முன் இதை ஒருமுறை படிப்பது நலம்.

அடுத்தது, வீட்டு மனை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும் தனி நடைமுறை உண்டு. ஆகவே "அப்ரூவல் அப்புறம் வாங்கிக்கலாம் சார்" என்ற வார்த்தை வந்தால், பணமும் அப்புறம் தரலாம் என்பதே சரியான பதில். அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு வங்கியில் வீட்டுக் கடன் கிடைப்பதும் கஷ்டம்.

பதிவுச் செலவையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். 20 லட்ச ரூபாய் நிலத்துக்கு 1.80 லட்சம். இது பத்திர எழுத்தருக்கும் வக்கீலுக்கும் தருவதற்கு முன்பு.

தேங்காய் சொன்ன தண்ணி

நிலம் கைக்கு வந்ததும் போர் போட ஆள் தேடுவார்கள். உண்மையில் தண்ணியைப் பற்றி வாங்கும் முன்பே விசாரித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. பாறையில் தண்ணீர் குளம் மாதிரி பரவி நிற்காது, விரிசல்களில்தான் ஓடும். பக்கத்துத் தோட்டத்தில் 300 அடியில் கொட்டும் தண்ணீர், வேலிக்கு இந்தப் பக்கம் 800 அடியிலும் வராமல் போகக் காரணம் இதுதான்.

இந்த இடைவெளியில்தான் நீரோட்டம் பார்ப்பவர் வருகிறார். உள்ளங்கையில் தேங்காய், அல்லது வேப்பங்குச்சி. தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் கல் வைப்பார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இரவில் வந்து நிற்கும். அடிக்கு இவ்வளவு என்று ரேட், ஆழம் கூடக் கூட ரேட்டும் கூடும், கேஸிங் பைப் தனி. விடியும்போது ஈரம் வந்தால் பொங்கல், வராவிட்டால் "வெறும் புகைதானுங்க". புகைக்கும் அதே பில்தான். குச்சி, தேங்காய்க்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நிலத்தடி நீரைக் கருவி வைத்துப் பார்க்கும் புவியியல் ஆய்வும் உத்தரவாதம் தராது, ஆனால் எங்கே தோண்டக் கூடாது என்றாவது சொல்லும். சுற்றியுள்ள பத்து தோட்டங்களில் போர் எத்தனை அடி, பங்குனி சித்திரையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்பதற்குச் செலவே இல்லை.

போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். தண்ணி வராத குழியை அன்றே மூட வேண்டும். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நான்கு நாள் போராட்டத்துக்குப் பிறகு சடலமாக மீட்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. நகரத்திலிருந்து வந்து, புகை பார்த்து, மனசு உடைந்து திரும்பிப் போகும் அவசரத்தில் குழி திறந்து கிடக்கக் கூடாது.

கரண்ட்டும் அனுமதியும்

தோட்டத்தில் ஏற்கெனவே மோட்டார் ரூம் இருந்தால், "அதுல இருந்தே ஒரு லைன் இழுத்துக்கலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடாது. விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தை வீட்டுக்கோ கட்டுமானத்துக்கோ பயன்படுத்துவது விதிமீறல், அபராதம் வரும். கட்டும்போது தற்காலிக இணைப்பு, கட்டிய பின் வீட்டு இணைப்பு என்று தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வீட்டு அனுமதியில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு தளம் கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். ஆனால் அதற்கு மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் விவசாய நிலம் வாங்கி நடுவில் வீடு கட்டுபவருக்கு இந்தக் குறுக்கு வழி பொருந்தாது. அவர் ஊராட்சியில் முறைப்படி போக வேண்டும்.

மேஸ்திரியும் 36 நிமிடமும்

பூமி பூஜைக்கு நாள் குறிப்பது தனிக் கலை. பஞ்சாங்கப்படி வாஸ்து புருஷன் ஆண்டில் 8 நாள்தான் கண் விழிக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். பல் துலக்க, குளிக்க, பூஜை செய்ய, சாப்பிட, தாம்பூலம் போட என்று ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடம். கடைசி இரண்டும்தான் நல்ல நேரம், அதாவது 36 நிமிடம். ஆண்டுக்கு மொத்தம் 4 மணி 48 நிமிடம். அதிலும் ஒரு நாள் ஆடி 11. ஆடியில் ஆரம்பிக்கலாமா கூடாதா என்று வீட்டுப் பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் அந்த 36 நிமிடமும் போய்விடும். நம்புகிறவர்கள் தேதியை முன்கூட்டியே காண்ட்ராக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வேலை ஆரம்பித்ததும் காலண்டர் மாறும். தைப்பூசத்துக்குப் பழனி, பங்குனி உத்திரத்துக்கும் பழனி, ஊர் நோம்பி, அறுவடை, முகூர்த்தம். "நாளைக்கு வந்துடுறனுங்க" என்ற மேஸ்திரியின் நாளை எப்போது என்று பஞ்சாங்கத்திலும் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே நேரத்தில் நான்கு வீடு பார்த்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். கூலி மட்டும் ஒப்பந்தமா, பொருளும் சேர்த்தா, எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் பாதிச் சண்டை குறையும். முன்பணம் அதிகம், மேற்பார்வை வீடியோ காலில் என்றால், மாடிப்படி ஜன்னலுக்குக் குறுக்கே ஏறிய பிறகுதான் தெரியவரும்.

உலகம் முழுக்க இதே கதை

இது தொப்பம்பட்டிக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் கிராமப்புறத்தில் வீடு கட்டி நொந்துபோன பத்திரிகையாளர் எரிக் ஹாட்ஜின்ஸ், அந்த அனுபவத்தை வைத்து 1946-இல் ஒரு நகைச்சுவை நாவல் எழுதினார். 1948-இல் கேரி கிராண்ட் நடிக்க அது படமானது. அதில் கிணறு தோண்டத் தோண்டத் தண்ணீர் வராது, வீட்டு அஸ்திவாரக் குழியிலோ சில அடியிலேயே ஊற்று கிளம்பும்!

தமிழில் பாலு மகேந்திரா 1988-இல் எடுத்த 'வீடு' இதே விஷயத்தைச் சிரிப்பில்லாமல் சொன்னது. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் கடன் வாங்கி, ஏமாற்றங்களைத் தாண்டி வீட்டை எழுப்புகிறாள். முடியும் தறுவாயில், அந்த நிலம் குடிநீர்த் திட்டத்துக்கு எடுக்கப்பட்டது என்று தெரிகிறது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் அது. இரண்டு படங்களையும் பிரிப்பது கையிருப்பு மட்டும்தான். பணம் உள்ளவருக்குச் சிக்கல் நகைச்சுவையாக முடிகிறது. சேமிப்பு முழுக்கப் போட்டவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எனவே வரிசை இதுதான். முதலில் ஒரு கோடைக்காலப் பகலில் நிலத்துக்குப் போய், பக்கத்தில் தண்ணி எப்படி என்று விசாரிக்க வேண்டும். பாதை புலப்படத்திலோ பத்திரத்திலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டா, அ-பதிவேடு, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் தனக்கென ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும், விற்பவரின் வக்கீலிடம் அல்ல. வாரிசுகள் அனைவரும் கையெழுத்துக்கு வருவார்களா என்று உறுதி செய்ய வேண்டும். அளந்து, அத்து காட்டி, அதற்குப் பிறகு அக்ரிமென்ட். அதில், குறை தெரிந்தால் அட்வான்ஸ் திரும்பி வரும் என்ற வரி இருக்க வேண்டும். பட்ஜெட்டில் ஒரு போர் புகையாகும் என்று வைத்து இரண்டு போருக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்துக்கு முன் ஏழு தலைமுறை விசாரிக்கும் நம்மவர்கள், நிலத்துக்கு முன் ஒரு தலைமுறையாவது விசாரித்தால் போதும். திண்ணையும் கயிற்றுக் கட்டிலும் அதற்கப்புறம் தானாக வரும். கொஞ்சம் தாமதமாக வரலாம், மேஸ்திரிக்கு நோம்பி இருக்கிறதே.